பச்சை நிறமும் நமது பற்றும்

பள்ளிவாசலின் மினாராவுக்குப் பச்சை வண்ணம் பூசுகிறோம். வீட்டு வாசற்கதவுக்கும் அதையே தேர்ந்தெடுக்கிறோம். அந்த நிறத்திற்கென்றே தனிப் புனிதம் ஏதும் உண்டா?

சுவனவாசிகள் பச்சைப் பட்டாடை அணிந்திருப்பார்கள் என்று திருக்குர்ஆன் (18:31) அறிவிக்கிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 64ஆவது ஆயத்து ஒரே சொல்லால் ஆனது; கருமை தட்டும் அளவுக்குச் செழித்த கரும்பச்சையை அது குறிக்கும். ஆகவே நமக்கு இந்நிறத்தின் மீது பிரியம் இருப்பதில் வியப்பில்லை.

ஆனால், மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தின் மேல் முதல் குப்பா எழுந்தது கி.பி. 1279இல். இப்போதுள்ள குப்பாவுக்குப் பச்சை வண்ணம் பூசப்பட்டதோ 1837இல்தான். அதற்கு முன் வாழ்ந்தவர்களின் அன்பு நம் அன்பைவிடக் குறைந்ததா, என்ன?

பச்சையாடையைக் கூறும் வசனத்திற்கு முந்திய வசனத்தைக் கவனியுங்கள். ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரின் கூலி வீணாகாது என்பது அதன் கருத்து. ஆடை கூலிதான், அமலே முதல். பச்சைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கடையில் அமர்ந்து பச்சைப் பொய் சொன்னால் நிறம் நம்மைக் காக்குமா?

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழியின் கருத்து. நமது கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பையாவது நடுவோம். அடுத்த வீட்டாருக்கும் ஒரு பிடி கீரை கொடுப்போம். சுவரில் பூசிய பச்சை வெயிலில் வெளுத்துவிடும். இந்தப் பச்சை மறுமைவரை நம்முடன் வரும், இன்ஷா அல்லாஹ்!