பெயரறியாப் பாதங்கள்

ஓர் இடத்தின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? அங்கிருந்து புறப்பட்டுப் புகழ் பெற்றவர்களைக் கொண்டா? அங்கேயே வாழ்ந்து, பெயர் தெரியாமல் மறைந்தவர்களைக் கொண்டா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், குவாடலூப் ஆற்றங்கரையில் கிரீன் என்றொரு சிற்றூர் உண்டு. செருமானியக் குடியேறிகள் பருத்தி பயிரிட்ட ஊர் அது. 1878-இல் அங்கே மரத்தால் ஒரு நடனக் கூடம் கட்டப்பட்டது. தகரக் கூரை, காற்றுக்காகத் திறந்து வைக்கும் பக்கத் தட்டிகள், நடுவே பலகைத் தளம் என்று எல்லாமே எளிமை. வயலில் உழைத்துக் களைத்த குடும்பங்கள் அங்கே கூடிப் பாடி ஆடின. 1920-களில் கூன்வண்டு பருத்தியை அழித்தது. பின்னர் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. ஊர் வெறிச்சோடியது, கூடம் மட்டும் நின்றது.

1970-களின் பிற்பாதியில் ஜார்ஜ் ஸ்டிரெய்ட் என்ற இளைஞர் தம் குழுவினரோடு அங்கே வந்து பாடிவந்தார். 1981-இல் அவருடைய முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. நகரத்து மெல்லிசையின் சாயலில் கன்ட்ரி இசை கரைந்துகொண்டிருந்த காலம் அது. அவரோ பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் இழையும் பழைய நடன இசையை விடாமல் பற்றி நின்று, புகழின் உச்சியை அடைந்தார். இன்று அந்தக் கூடத்தை நாடி வருவோர் பலரும் அவர் பெயரைக் கேட்டே வருகின்றனர்.

புகழ் அக்கூடத்திற்கு ஆதரவு தேடித் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாடகரை உருவாக்கியவர் யார்? அரங்கில் மக்கள் பாடகரைப் பார்க்கிறார்கள். நடனக் கூடத்திலோ பாடகர் மக்களின் பாதங்களைப் பார்க்க வேண்டும். தாளம் விரைந்தால் முதியவர் தடுமாறுவார். தளர்ந்தால் இளையோர் சோர்வர். தம் திறமையைக் காட்டுவதற்கன்று, பிறர் மகிழ்ச்சிக்கு ஏவல் செய்வதற்கே அவர் அங்கு நிற்கிறார். பணிவிடையே அங்கே பயிற்சி. அப்பயிற்சியை அளித்தவர்கள் பெயரறியா உழவர்களும் தொழிலாளர்களும், அவர்தம் மனைவி மக்களுமே. வரலாறு அவர்களுள் ஒருவரையும் குறித்து வைக்கவில்லை.

நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வரக்கூடுமோ என்று ஐயுற்றார் நத்தனியேல். சிற்றூர்களைப் பற்றி உலகம் என்றும் எழுப்பும் ஐயம் இது. நாமோ இன்று நாசரேத்தைப் போற்றுகிறோம். ஆயினும், அங்கே இயேசு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தபோது, அவரோடு தொழுகைக் கூடத்தில் அமர்ந்தவர்கள் யார்? அவர் செய்த மரச்சாமான்களைப் பெற்றுச் சென்றவர்கள் யார்? அவர்தம் பெயர்களை நற்செய்தியாளர் எழுதவில்லை. எழுதப்படாததால் அவ்வாழ்வுகள் வீணாயினவா?

புகழ் பெற்றவர் ஒருவரும் வராதிருந்தாலும், களைத்த மனிதருக்கு ஒரு மாலைப் பொழுதின் மகிழ்வைத் தந்த அக்கூடம் தன் கடமையைச் செய்தே முடித்திருக்கும். புகழ், பின்னால் வந்த சாட்சி மட்டுமே. அந்தப் பலகைகளைத் தேய்த்தவை பெயரறியாப் பாதங்கள். மனிதர் அவற்றை எண்ணவில்லை. தலைமுடியையும் எண்ணி வைத்திருக்கும் இறைவன் எண்ணாதிருப்பாரோ?