அறியேன் என்றால் போதுமா?



உணவுச் சட்டத்தை மீறுவது பாவமா, அல்லது அகப்பட்டால் அபராதம் கட்டித் தீர்க்கும் வெறும் குற்றமா? "அதிகாரி வந்தால் கட்டிவிடுகிறோம், அதைப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வானேன்?" என்று கேட்கும் வியாபாரிகள் உண்டு.

திருவிழா நாட்களில் கோவில் வாசலில் விற்கும் பஞ்சுமிட்டாயையே எடுத்துக்கொள்வோம். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும், பிறகு தமிழ்நாடும் அதன் விற்பனையைத் தடை செய்தன. ரோடமின்-பி என்னும் சாயம் அதில் கலந்திருப்பது பரிசோதனையில் தெரிந்ததே காரணம். துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம் அது. நம் தேசத்தில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அவற்றையும் எல்லாப் பண்டத்திலும் சேர்க்கலாகாது, அளவும் உண்டு.

வெயிலில் மிட்டாய்க் கோலைத் தோளில் சுமந்து நடக்கும் ஏழை, தன் சாயப்பொடி இன்னதென்று அறியாதிருக்கலாம். அவன் தலையில் பாவத்தைச் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அறியாமை இருவகை. முயன்றும் நீக்க முடியாதது ஒன்று, அதில் குற்றமில்லை. கேட்டால் நீங்கிவிடுவது மற்றொன்று. கேளாதிருப்பதே இலாபம் என்று நாமே வளர்த்து வைத்துக்கொள்வது அது. பொட்டலத்தின்மேல் சேர்மானங்களும், தயாரித்தவர் விலாசமும், உரிம எண்ணும் அச்சிட வேண்டுமென்று சட்டம் கட்டளையிடுவது இதற்காகத்தான். எழுத்து வாசனையுள்ள மொத்த வியாபாரி, மலிவாகக் கிடைக்கிறதென்று பெயரில்லாப் பொடியை வாங்கி அந்த ஏழைக்கு விற்றுவிட்டு, "அறியேன்" என்றால் சர்வேசுரன் சந்நிதியில் அது செல்லுமா? (நிறம் போதாதென்று அடுத்த கடைக்குப் போகும் பெற்றோரும் சற்று யோசிக்கலாம்.)

சில சட்டங்கள் வெறும் ஒழுங்குக்கானவை, அவற்றை மீறினால் தண்டனையை ஏற்பதோடு கடமை தீரும் என்று சொன்ன வேதசாஸ்திரிகள் உண்டு. பிறர் உடலுக்கு வரும் கேட்டைத் தடுக்கும் சட்டம் அந்த வகையில் சேராது. அரசாங்கம் ஒரு வரியும் எழுதாமலிருந்தாலும் ஐந்தாம் கற்பனையும் ஏழாம் கற்பனையும் இருக்கத்தானே செய்யும்?

மேலும், அபராதம் கஜானாவுக்குப் போகிறது. சாயத்தைத் தின்ற குழந்தைக்கு அதில் ஒரு காசும் சேர்வதில்லை. விற்ற சரக்கின் குறையை விற்றவன் அறியாதிருந்தால் அவனுக்குப் பாவமில்லை என்கிறார் அர்ச். தோமாஸ் அக்வினாஸ்; ஆயினும் குறை தெரியவந்த பிறகு வாங்கினவனுக்கு ஈடு செய்ய அவன் கடமைப்பட்டவன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அறியாமல் விற்றவனுக்கே இப்படியென்றால், அறிந்து விற்றவனைப்பற்றிக் கேட்பானேன்?

திருவிழாக் கூட்டத்தில் வாங்கிப்போனவர் யாரென்று எப்படித் தெரியும் என்பீர்கள். உரியவரைக் கண்டுபிடிக்க இயலாதபோது அவ்விலாபத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது திருச்சபையின் பழைய போதனை. எவ்வளவு, எப்படி என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.