அந்த வீட்டு வாசல்

காரைக்கால் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அரசலாறு கடலோடு சேரும் இடம். 1739-ல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல்தான் ஊரை விட்டார்கள். “நமக்கெல்லாம் இதுதான்யா பிரான்ஸ்!” என்றார் கூட வந்த நண்பர், கையில் பாட்டிலோடு.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி புகுந்ததும் இந்தக் கரையில்தான். சொன்னேன். “அதுக்காக இங்க சந்தோஷமா இருக்கக் கூடாதா?” என்றார்.

இருக்கலாம். சாவு விழுந்த வீட்டிலும் பிறகு கல்யாணம் நடக்கத்தானே செய்கிறது? ஆனால், விருந்துக்கு வந்தவர் வாசலில் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் போவாரா?

நண்பர் காலி பாட்டிலை மணலில் செருகிவிட்டு எழுந்தார். நானும் பேசாமல் நாலடி நடந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. விடிந்தால், யாரோ ஒரு மீனவர் வெறுங்காலோடு வருவார். திரும்பிப் போய் எடுத்தேன்.

ரூமுக்கு வாடகை கொடுத்துவிட்டோம், சரி. அதில் கடற்கரை சேர்த்தியில்லை, சார்!