முதல் கேள்வி

தவறு என்று தெரிந்தே ஒரு வார்த்தையைச் சொல்லலாமா? விளையாட்டுத்தனமான கேள்வியாகத் தோன்றும். வாஸ்தவத்தில் அது ஒரு விளையாட்டிலிருந்துதான் கிளம்பியது.

புதுச்சேரிக் கடற்கரையில் காலையில் நடக்க வரும் என் நண்பர்களில் இருவருக்கு ‘வேர்டில்’ என்ற சொல் விளையாட்டில் அபாரப் பிரியம். ஜோஷ் வார்டில் என்பவர் தம் துணைவி பாலக் ஷாவுக்காக உண்டாக்கி, 2021 அக்டோபரில் ஊருக்கெல்லாம் திறந்து விட்ட விளையாட்டு அது. மறு ஜனவரியிலேயே ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை அதை விலைக்கு வாங்கிக் கொண்டது. தினமும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று மறைந்திருக்கும். ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போடும் சொல்லில் ஓர் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, எழுத்து உண்டு ஆனால் இடம் வேறு என்றால் மஞ்சள், எழுத்தே இல்லை என்றால் சாம்பல் நிறம். அவ்வளவுதான் விளையாட்டு.

நண்பர்களில் ஒருவர் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றன்று மனத்தில் தோன்றுகிற சொல்லையே முதலில் போடுவார். கடலைப் பார்த்தால் ‘ஓஷன்’. பசி எடுத்தால் ‘பிரெட்’. மற்றவர் பாங்கியில் கணக்குப் பார்த்தவர். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ‘ஸாலெட்’ என்ற ஒரே சொல்லைத்தான் போடுவார். “இதென்ன விளையாட்டா, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தா?” என்று வாத்தியார் கேலி செய்வார்.

‘ஸாலெட்’ என்பது பழங்காலத்துப் போர்வீரர் அணிந்த தலைக்கவசம். அந்தச் சொல்லைப் பிடித்து வந்தவர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையைச் சேர்ந்த பெர்ட்ஸிமாஸ், பாஸ்கோவ் என்ற இருவர். வழிகளையெல்லாம் கணித யந்திரத்தில் அலசிப் பார்த்து, அந்தச் சொல்லில் தொடங்கி ஆடினால் சராசரி 3.421 தடவையில் விடை அகப்படும், அதற்குக் குறைவாக முடியாது என்று 2022-ல் கண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விளையாட்டின் ஆதி விடைப் பட்டியலில் இருந்தவை 2,315 சொற்கள். ‘ஸாலெட்’ அவற்றில் இல்லை! ஒரு நாளும் விடையாக இருக்க முடியாத சொல்தான் மிகச் சிறந்த முதல் சொல்.

யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லி விடுவதற்கு இருக்கும் வாய்ப்பு, ஆதிப் பட்டியலின்படி, 2,315-ல் ஒன்று. அந்த அதிர்ஷ்டத்துக்காக ஆடுகிறவன் ஜோசியம் பார்க்கிறான். ஐந்து எழுத்து, மூன்று நிறம். கணக்குப்படி 243 விதமாகப் பதில் வரலாம். அந்தப் பதில்களுக்குள் சொற்களை எவ்வளவு சிறு சிறு கூறுகளாகப் பங்கு போட முடியுமோ அவ்வளவுக்கு நல்லது. இஸட் இரண்டு உள்ள ‘ஃபஸி’யைப் போட்டால் பெரும்பாலான நாட்களில் ஐந்தும் சாம்பலாகும், தெரிந்து கொண்டது சொற்பம். அடிக்கடி வருகிற எழுத்துகளாகப் போட்டால், பச்சை வந்தாலும் லாபம், சாம்பல் வந்தாலும் லாபம். எந்தப் பதில் வரும் என்று ஊகிக்க முடியாத கேள்வியே அதிகம் கற்றுக் கொடுக்கும் என்பதை 1948-லேயே கிளாட் ஷானன் கணிதமாக எழுதி வைத்து விட்டார். (தமிழில் இப்படி ஒரு விளையாட்டு ஆடுகிறவருக்கு இலக்கணமே பாதி உதவி. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது என்று முதலிலேயே அடித்து விடலாம்.)

ஆகவே பாங்கி நண்பர் செய்வது கையெழுத்தல்ல, அடக்கம் என்றே நான் நினைக்கிறேன். அவர் முதல் சொல்லில் தாம் சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படவில்லை. தவறு என்று தெரிந்தே சொல்கிறார். அதில் பொய் இல்லை. அது சொல்லின் வேஷத்தில் இருக்கும் கேள்வி. வாத்தியாருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை என்பதையும் எழுதி விடுகிறேன்.

ஆனால் அங்கிருந்து எழுந்து ஊருக்குள் நடந்தால், இதே சாமர்த்தியத்தை வேறொரு முகத்தோடு பார்க்க நேர்கிறது.

புதிதாக ஒருவர் அறிமுகமாகிறார். “எந்த ஊர்?” என்கிறோம். “இதே ஊர்தான்.” “ஊரில் எங்கே?” “இன்ன வீதி.” “ஓ, அப்படியா!” அந்த ‘ஓ’வில் ஒரு பச்சைக் கட்டம் எரிகிறது. புதுச்சேரியின் நேர் நேரான வீதிகள், 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டத்தை ஒட்டியவை. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். தமிழர்களுக்குள்ளும் சாதிக்கொரு வீதி. செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்று பெயரே சொல்லிவிடும். வைசியாள் வீதி இன்று கல்வே சுப்பராயச் செட்டி வீதியாகி விட்டது. யார் யாரோ குடி வந்தும் விட்டார்கள். கேள்வி மட்டும் குடி பெயரவில்லை. வீதிக்கு அடுத்து தகப்பனார் பெயர், அதற்கடுத்து குலதெய்வம். ஆறு தடவை வேண்டியதில்லை. நம்மவர்களின் சராசரி 3.421-க்கு மேல் போகாது.

இந்த ஊகத்தை அடைத்து விட ஒரு வழி இதே ஊரில் பிறந்தது. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக் கொள்ளலாம். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ‘லப்போர்த்’ என்று வைத்துக் கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் ‘கதவு’ என்று அர்த்தம். பெயரைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்க வருகிறவன் முகத்தில் சாத்திய கதவு என்றே எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரே யுக்தி விளையாட்டில் அடக்கமாக இருக்கிறது, வீதியில் ஏன் கூசுகிறது? மறைந்திருக்கும் சொல்லுக்கு மானம் கிடையாது, அதனால் என்று சொல்லலாம். அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். வேர்டிலில் சாம்பல் வந்தால் நாம் நம் ஊகத்தை மாற்றிக் கொள்கிறோம். வீதியைக் கேட்டவர் எதையும் மாற்றிக் கொள்வதில்லை. விடைப் பட்டியலை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார். நன்னூல் வினாவை அறுவகையாகப் பிரித்தது. தெரிந்தே கேட்பது அறிவினா, தெரியாமல் கேட்பது அறியாவினா, இப்படி. தெரிந்து கொள்வது போல் கேட்டு, முன்பே தெரிந்ததாக நினைத்திருப்பதை ஊர்ஜிதம் செய்து கொள்ளும் கேள்விக்குப் பவணந்தி முனிவர் இடம் ஒதுக்கவில்லை.

சிரமம் என்னவென்றால், “எந்த ஊர்?” என்பதை அன்போடு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பிறந்த மண்ணை நினைத்து ஏங்கிக் கிடப்பவனுக்கு அந்தக் கேள்வி தேவாமிர்தம். கேட்பவர் மனம் கேட்பவருக்குத்தான் தெரியும். பதில் சொல்ல வேண்டியவர் குரலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். அவருக்கும் அது ஒரு வேர்டில், தோற்றால் வலிக்கிற வேர்டில். கதை எழுதுகிறவன் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. பாத்திரத்துக்கு ஒரு பெயரும் ஒரு தெருவும் கொடுத்த மாத்திரத்தில் வாசகர் பாதி ஆளைத் தீர்மானித்து விடுகிறார். பெயர் கொடுக்காமல் நாவல் எழுத முடியவில்லை.

ஷானனின் அளவுகோலால் அளந்தால் நம் ஜனங்களின் முதல் கேள்விகளிலேயே மகா வீணானது ஒன்று உண்டு. என் தாயார் தபால்காரர், கீரைக்காரி, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் என்று வாசலில் வந்து நின்ற எல்லோரிடமும் அதைத்தான் முதலில் கேட்பார். பதில் என்ன வரும் என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். “சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு அம்மா” என்பார்கள், ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும். சில பேரைத் தாயார் நம்பமாட்டார்.