ஐயம் எப்போது அறமாகும்?

ஐயுறுவது பாவமன்று. ஐயம் எழாத இடத்தில் அறிவு வளர்வதில்லை. ஆராயாது ஏற்ற நம்பிக்கையும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆயினும் எல்லா ஐயங்களும் ஒரு தன்மையன அல்ல. உண்மையைத் தேடிப் புறப்படும் ஐயமும் உண்டு; உண்மை வாயிலில் வந்து நின்றாலும் கதவைத் திறவாதிருக்கத் துணைபுரியும் ஐயமும் உண்டு. இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? மனிதரின் செயலால் புவி வெப்பமடைகிறது என்னும் அறிவியல் முடிவைக் குறித்துப் பொதுமக்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு, இவ்வினாவை நம் மனச்சான்றின்முன் வைக்கிறது.

ஏரி நாட்டில் இரு பேச்சுகள்

செங்கற்பட்டு ஏரிகளின் மாவட்டம். கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையும் இரயில் பாதையும் அருகருகே செல்லும் பொத்தேரியின் பெயரிலேயே ஏரி ஒலிக்கிறது. மழையையும் ஏரிப் பாசனத்தையும் நம்பி உழுத இவ்வட்டாரத்தில் இன்று பல்கலைக்கழகமும் மாணவர் விடுதிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. மழையும் வெயிலும் பற்றி இங்கு நாம் கேட்கும் பேச்சுகள் பெரும்பாலும் இருவகையின. “வெயிலும் வெள்ளமும் என்றுமே இருந்தவைதாம், அறிவியலாரே தமக்குள் ஒத்துப்போகவில்லையே” என்பது ஒன்று. “எல்லாம் புவி வெப்பத்தால் வந்த வினை, நம்மால் என்ன செய்யக்கூடும்?” என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் சென்று சேரும் இடம் ஒன்றே: நாம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

அறிவியலார் உண்மையில் கூறுவது என்ன? கரியமில வாயு வெப்பத்தை ஈர்த்து நிறுத்தும் என்பதை 1859-இல் ஜான் டிண்டல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். அது பெருகினால் புவி எவ்வளவு வெப்பமடையும் என்று 1896-இல் ஸ்வாந்தே அரேனியஸ் கணக்கிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளவெடுக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு, 2024-இல் 424-ஐத் தாண்டியது. இப்பெருக்கம் மனிதரால் நேர்ந்தது என்பதற்கும் தடயங்கள் உள்ளன. மண்ணுக்கடியில் பல கோடி ஆண்டுகள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் கதிரியக்கக் கரிமம் இராது. காற்றில் அதன் விகிதம் அதற்கேற்பக் குறைந்துள்ளது. கதிரவனே காரணமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் வெப்பமடைய வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-இல், மனிதரின் பங்கு ஐயத்திற்கு இடமற்றது என்று அறிவித்தது இத்தகைய பல சான்றுகளின் மேல்தான்.

பிழை கண்டபோது

“அக்குழுவும் பிழை செய்ததன்றோ?” என்று கேட்பார் உண்டு. ஆம், செய்தது, அதனை மறைக்கத் தேவையில்லை. இமயத்தின் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோகக்கூடும் என்று அதன் 2007-ஆம் ஆண்டு அறிக்கையின் ஒரு பத்தி கூறியது. 2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர்பதவி வகித்த வி.கே. ரெய்னா எழுதிய ஆய்வுரையை நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. பனியாறுகளின் பின்வாங்கலுக்குப் புவி வெப்பமே காரணம் என்று முடிவுகட்டுவது அவசரம் என்றது அது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதற்கு ஆதரவாக நின்றார். குழுவின் தலைவர் பச்சௌரியோ அதனை மாந்திரிக அறிவியல் என்னும் பொருள்பட இகழ்ந்தார். ஆனால் 2010 ஜனவரி 20 அன்று, 2035 என்னும் ஆண்டுக்குத் தக்க சான்றில்லை என்று அக்குழுவே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அவ்வெண் ஆய்வின் விளைவன்று. 1999-இல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த செய்தியிலிருந்து கைமாறி வந்து சேர்ந்தது.

இங்கே ஐயம் தன் கடமையைச் செய்தது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இகழ்ச்சி எதையும் நிறுவவில்லை, சான்றே நிறுவியது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1970-களின் உளவுச் செயற்கைக்கோள் படங்களோடு பிற்காலப் படங்களை ஒப்பிட்டு, இமயத்தின் 650 பனியாறுகளை ஆராய்ந்தனர் சிலர். 2000-க்குப் பின் பனியிழப்பு முந்தைய கால் நூற்றாண்டைப்போல் இருமடங்கு விரைவாகியுள்ளது என்றது 2019-இல் வெளிவந்த அவ்வாய்வு. 2035 என்பது பொய், உருகுவது மெய். முன்னதை ஏற்றுப் பின்னதை மறுப்பவரின் ஐயம், பாதி வழியிலேயே இளைப்பாற அமர்ந்துவிட்ட ஐயம்.

திருச்சபையும் இவ்வாய்வுக்கு அயலானதன்று. மலைப் பனியாறுகளைப் பற்றித் திருப்பீட அறிவியல் கழகத்தின் பணிக்குழு 2011-இல் ஓர் அறிக்கை அளித்தது. அதனை வழிநடத்தியோருள் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் இராமநாதன். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்களும் புவியை வெப்பமாக்கும் என்று 1975-இல் கண்டுகாட்டியவர் அவர்.

வசதியான விடையை மறுத்த ஆய்வு

நமது வாசலுக்கே வந்த சான்று ஒன்றும் உண்டு. பாரிசில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த 2015 டிசம்பர் முதல் நாட்களில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. புவி வெப்பமே காரணம் என்று பலர் கூறினர். நெதர்லாந்து நாட்டு அறிவியலார் வான் ஓல்டன்போர்க்கும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவோ வேறு: அந்த ஒருநாள் பெருமழையில் புவி வெப்பத்தின் கைவரிசையைத் தம்மால் காண இயலவில்லை என்றனர். வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதுவரை பெரிதும் வெப்பமடையாதிருந்தது. காற்றிலுள்ள மாசுத் துகள்கள் கதிரொளியைத் தடுத்தது அதற்குக் காரணமாகலாம் என்றும் விளக்கினர்.

காலநிலை அறிவியலார் அச்சமூட்டிப் பிழைப்பவர்கள் என்பது மெய்யாயின், இத்தகைய வாய்ப்பை அவர்கள் நழுவவிட்டிருப்பார்களா? தமக்கு உகந்த விடையையும் சான்றில்லையேல் தள்ளுகிறவர்கள், சான்றுண்டு என்று சொல்லும்போது செவிகொடுக்கத்தக்கவர்கள் அல்லரோ? மறுபுறம், அவ்வெள்ளத்தை மனிதரே விளைத்த பேரிடர் என்று, 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை கூறியது. ஏரியைத் தூர்த்து மனை போட்டவரும், அதனை விலை மலிவென்று வாங்கியவரும், வானத்தைக் கைகாட்டித் தப்பிவிட இயலாது.

ஐயத்தின் இரு சோதனைகள்

ஆகவே நமது ஐயத்தை நாமே இரு வினாக்களால் சோதித்துக்கொள்ளலாம். எத்தகைய சான்று கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்பது முதல் வினா. விடையே இல்லையெனில், அது ஐயமன்று, பிடிவாதம். உயிர்த்த ஆண்டவரின் காயங்களைக் கண்டாலன்றி நம்பேன் என்றார் திருத்தூதர் தோமா. அவரை நாம் பழிப்பதில்லை. ஏனெனில் கண்டபின் அவர் வேறு சாக்குத் தேடவில்லை. அந்த நம்பிக்கைக்காகவே நெடுந்தொலைவு கடந்து வந்து நமது பரங்கிமலையில் உயிரீந்தார் என்பது நம் மரபு.

என் ஐயம் தவறாயின் அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பது இரண்டாம் வினா. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானில் அதன் அறிவியலாளர் ஒருவரே 1977-இல் மேலாளர்களுக்குப் புவி வெப்பம் பற்றி எடுத்துரைத்தார். அந்நிறுவனமோ பின்னாளில் ஐயத்தையே விளம்பரமாக்கியது. ஆதாயம் அவர்களுக்கு, விலை பிறருக்கு. நமது சிறிய அளவில் நாமும் அவ்வாறே நடந்துகொள்ளக்கூடும். கடல் உட்புகுந்தால் முதலில் வீடிழப்பவர் மாமல்லபுரக் கரையின் மீனவர். ஏரி உடைந்தால் முதலில் குடிசையிழப்பவர் கரையோரத்து இருளர். நண்பகல் வெயிலில் வாடுபவர் செங்கற்சூளைத் தொழிலாளர். குளிரூட்டிய அறையில் அமர்ந்து ஐயுறுவோர்க்கு அந்த ஐயம் செலவற்றது.

செல்வ நாடுகளே பெருமளவு புகை விட்டன, முதலில் அவையே ஈடுசெய்க என்று நாம் கேட்பது நீதியே. ஆனால் பொறுப்பு யாருடையது என்னும் வழக்கு வேறு. நிகழ்வது மெய்யா என்னும் வினா வேறு. முன்னதில் நமக்குள்ள நியாயத்தைக் கொண்டு பின்னதை மறுக்கலாகாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில், தட்பவெப்பநிலை எல்லாருக்கும் உரிய பொதுநலன் என்று கற்பித்தார். எள்ளி நகையாடும் கருத்துகளைத் திருச்சபைக்குள்ளேயும் கேட்க நேர்கிறதே என்று 2023 அக்டோபர் மடலில் வருந்தினார். அவ்வருத்தம் நம்மையும் நோக்கியதே. மனை வாங்குமுன் பழைய நில வரைபடத்தில் அது நீர்நிலையா என்று பார்ப்பதும், பங்கில் புதுக் கட்டடம் எழும்போது மழைநீர் எங்கே செல்லும் என்று கேட்பதும், அயலாரின் ஐயத்தை இகழாமல் சான்றுகளை எடுத்துரைப்பதும் நம்மால் இயலாதவை அல்ல. கேள்வி கேட்கும் உரிமை நமக்குண்டு. கிடைத்த விடைக்கேற்ப வாழும் கடமையும் அதனோடு சேர்ந்தே வருகிறது.