கூடுதல் ஒரு மணி நேரம்

மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மாணவிக்கு மட்டும் நான்கு மணி நேரம் கிடைக்கிறது. அடுத்த இருக்கையில் இருப்பவர் இது அநியாயம் என்று நினைத்தால், பொறாமை என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. சமமானவர்களுக்குச் சமமின்றிக் கொடுத்தாலும், சமமற்றவர்களுக்குச் சமமாகக் கொடுத்தாலும் பூசல் பிறக்கும் என்றார் அரிஸ்டாட்டில். எந்த வகையில் சமம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ‘அரசியல்’ நூலில் அதற்கு ஒரு வழியும் காட்டுகிறார். நல்ல குழல் நன்றாக வாசிப்பவரிடம்தான் போய்ச் சேர வேண்டும்; குடிப்பிறப்பும் அழகும் எவ்வளவு பெரிய பேறுகளானாலும் வாசிப்புக்கு அவற்றால் பயனில்லை. வரலாற்றுத் தேர்வு வரலாற்று அறிவை அளப்பது என்றால், விரல்கள் பேனாவை ஓட்டும் வேகமும் அதற்குத் தொடர்பில்லாத பேறுதான். அந்த வேகம் இல்லாதவருக்குத் தரும் கூடுதல் நேரம் சலுகை ஆகாது. அளவுகோலில் இருந்த பிழையைத் திருத்துவது மட்டுமே அது.

இந்தியச் சட்டம் பாதி தூரம்தான் இந்த வழியில் வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளை ஏற்கிறது. எழுதுவதில் தடை உள்ளவர்களுக்கு, தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது மத்திய அரசின் நெறிமுறை. ஆனால் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற கோடு நெடுங்காலம் வாசலை மறித்து நின்றது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடுள்ள குடிமைப்பணித் தேர்வர் ஒருவருக்கு, அந்தக் கோட்டை எட்டவில்லை என்பதால் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தது. 40 சதவீத வரம்பு இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது, தகுந்த வசதி பெறும் உரிமைக்கு அது முன்நிபந்தனை ஆகாது என்றது. மிகச் சரியான தீர்ப்பு.

பொய்ச் சான்றிதழோடு வருபவர்களை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். கற்பனையான அச்சம் இல்லை இது. 2019-இல் அமெரிக்காவில் வெடித்த கல்லூரிச் சேர்க்கை ஊழலில், பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்று வாங்கித் தேர்வு நேரத்தை நீட்டிக்கொள்ளுமாறு செல்வந்தப் பெற்றோருக்கு இடைத்தரகர் ஆலோசனை சொன்னார். எனினும் மோசடியைவிட என்னை அதிகம் உறுத்துவது மோசடியே இல்லாத ஏற்றத்தாழ்வு. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் கூடுதல் நேரம் பெற்றவர்களில் வெள்ளையரும் வசதியுள்ள குடும்பத்தினரும் தனியார் பள்ளி மாணவர்களும் அளவுக்கு மீறி இருந்ததை 2000-ஆம் ஆண்டிலேயே கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கை காட்டியது. அவர்கள் எல்லோரும் பொய் சொன்னவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. வாசிப்புத் திறன் மக்களிடையே தொடர்ச்சியாகப் பரவியிருப்பது. வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியா எங்கே தொடங்குகிறது என்பது நிபுணர்கள் இழுத்த கோடு. உளவியலாளரைத் தேடிப் போகவும் கட்டணம் கட்டவும் முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கோடு தெரிகிறது. அதே திணறல் உள்ள கூலித் தொழிலாளியின் மகனுக்கு ‘மக்கு’ என்ற பெயர்தான் கிடைக்கிறது. சான்றிதழ்ச் சோதனையை இன்னும் கடுமையாக்கினால் முதலில் வெளியே நிற்கப்போவது அவன்தான்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கூடுதல் நேரம் கொடுத்தால் குறைபாடு இல்லாத மாணவர்களின் மதிப்பெண்ணும் பல தேர்வுகளில் உயர்கிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியானால் அது குறைபாட்டை ஈடுசெய்வதோடு நிற்காமல் அனுகூலமாகவும் ஆகிவிடாதா? ஆகலாம், தரவரிசைப் போட்டியில் அது இன்னொருவரின் இடத்தைத் தொடும் என்பதும் உண்மை. ஆனால் இந்த வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுபோக வேண்டும். நேரம் கூடினால் எல்லோருடைய மதிப்பெண்ணும் ஏறுகிறது என்றால், அந்தத் தேர்வு எல்லோரிடமும் பாட அறிவோடு வேகத்தையும் சேர்த்தே அளந்துகொண்டிருக்கிறது. 2025 நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற அந்த விகிதம் நல்ல மருத்துவரைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது? அவசர சிகிச்சையில் வேகம் வேண்டாமா என்பார்கள். வேண்டும், அது பயிற்சியிலும் நோயாளியின் அருகிலும் வளரும் வேகம், விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும் வேகத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகளில் வேகமே பாடம். அங்கே கடிகாரம் இருக்கட்டும். மற்ற இடங்களில் கேள்விகளைக் குறைக்கலாம், அல்லது எல்லோருக்கும் நேரத்தைக் கூட்டலாம். கேள்விகளைக் குறைப்பதற்குப் புதிய தேர்வறைகூடத் தேவையில்லை. நேர நெருக்கடி தளர்ந்தால் பொய்ச் சான்றிதழின் விலையும் சரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் சொல்வதை எழுதுபவர், பிரெய்ல் வினாத்தாள், திரைவாசிப்பான் போன்றவற்றுக்குத் தனி ஏற்பாடு தேவைப்படும். அப்போது மருத்துவக் குழு கேட்க வேண்டிய கேள்வியும் மாற வேண்டும். பேச்சுக் குறைபாடுள்ள மருத்துவப் படிப்பு விண்ணப்பதாரர் ஒருவரின் வழக்கில், 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சதவீத எண்ணை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது, அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று மதிப்பிட வேண்டும் என்றது. பள்ளித் தேர்வுக்கும் அந்த மதிப்பீடு வர வேண்டும்: இந்தப் பிள்ளைக்கு எது தடையாக இருக்கிறது, எதைக் கொடுத்தால் அது நீங்கும் என்று பார்க்க வேண்டும். அந்த மதிப்பீடு அரசுப் பள்ளியிலேயே, கட்டணமின்றி, தேர்வுக்கு முந்தைய மாதம் வரை காத்திராமல் தொடக்க வகுப்புகளிலேயே நடக்க வேண்டும்.