வெற்றிக்குப் பின் வரும் சோதனை

சூதாட மண்டபத்தில் வந்து அமர்ந்த தருமபுத்திரன் ஓர் ஆட்சேபம் சொன்னான். பணயம் வைப்பவன் துரியோதனன். காய் உருட்டப்போகிறவனோ சகுனி. ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுவது முறையாகுமா என்று கேட்டான். கேட்டவன், அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு ஆடவும் தொடங்கிவிட்டான். பாரதக் கதையில் தருமனைக் குறை சொல்லாதவர்கள் இல்லை. நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், மனைவியை வைத்தான் என்று ஏசாதவர்கள் இல்லை. ஆனால் முதலில் அவன் இப்படி ஒரு கேள்வி கேட்டதையும், கேட்டதை வற்புறுத்தாமல் விட்டதையும் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. அங்கேதான் ஆட்டம் தோற்றது என்று எனக்குத் தோன்றும்.

ஆட்டக் கருவியையும் அதைக் கையாளும் முறையையும் பற்றிய இந்த வழக்கு அன்றிலிருந்து இன்றுவரை தீரவில்லை. பகடையின் இடத்தில் இப்போது எஞ்சினும் டயரும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். வாரந்தவறாமல் இந்த வழக்கு நடக்கிற இடம் ஒன்று உண்டு. அதுதான் கோ-கார்ட் பந்தயத் திடல். பெரிய பந்தயக் கார்களைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. சிறுவர்களும் இளைஞர்களும் ஓட்டும் இந்தச் சின்ன வண்டிகளைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆனால் நியாய அநியாயங்களை யோசித்துப் பார்க்க விரும்புகிறவனுக்குப் பெரிய பந்தயத்தைவிட இதுவே நல்ல பள்ளிக்கூடம்.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பந்தயக் கார்கள் கட்டும் தொழிற்கூடத்தில் வேலை பார்த்துவந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், நண்பர் ஒருவரோடு சேர்ந்து, புல் வெட்டும் யந்திரத்துக்கென்று செய்த எஞ்சினை ஒரு குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். கோ-கார்ட்டின் பிறப்பு அதுதான். அதற்கு மேற்கூரை இல்லை. குலுங்காமல் தாங்க ஸ்பிரிங் இல்லை. ஓட்டுகிறவன் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு எட்டு வயதுப் பிள்ளைகள்கூட இதில் பந்தயம் ஓட்டுகிறார்கள். அயர்டன் சென்னா, மைக்கேல் ஷூமாக்கர், லூயிஸ் ஹாமில்டன் எல்லாரும் இந்த வண்டியில் பழகியே பெரிய பந்தயங்களுக்குப் போனவர்கள். நீங்கள் போட்டியிட்டவர்களில் யாரை மிகவும் மதிக்கிறீர்கள் என்று 1993-ல் சென்னாவைக் கேட்டபோது, உலகப் புகழ்பெற்ற எதிரிகளையெல்லாம் விட்டுவிட்டுத் தம் கோ-கார்ட் நாட்களில் உடன் ஓட்டிய ஒருவருடைய பெயரைச் சொன்னார். பணமும் அரசியலும் கலவாத சுத்தமான பந்தயமாக அந்த நாட்கள் அவர் நினைவில் தங்கியிருந்தன.

நினைவு அப்படித்தான் இருக்கும். திடலில் ஓரமாகப் போடப்பட்டிருக்கும் பரிசோதனைக் கொட்டகையில் போய் நின்றால் வேறு காட்சி. பந்தயம் முடிந்ததும் வண்டியையும் ஓட்டியவனையும் சேர்த்துத் தராசில் நிறுத்துகிறார்கள். ஆள் ஒல்லியாக இருந்தால் ஆசனத்தில் ஈயக்கட்டி பொருத்தியாவது குறிப்பிட்ட எடையை நிரப்ப வேண்டும். குறைந்தால் வெற்றி போய்விடும். எஞ்சினின் உள்ளளவுகளைக் கருவிகொண்டு அளக்கிறார்கள். சில வகைப் பந்தயங்களில் எஞ்சினுக்கு முத்திரை வைத்து, அங்கீகாரம் பெற்ற பட்டறைகள் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். ரசாயனத் திரவம் பூசி டயரை இளக்கினால் அது சாலையை நன்றாகப் பற்றும். அதையும் தடுத்திருக்கிறார்கள், டயரில் எழும் ஆவியை மோப்பம் பிடிக்க ஒரு கருவியே வைத்திருக்கிறார்கள். ஏதேதோ கொலை வழக்கைத் துப்பறிவதுபோல இருக்கும். ஆனால் எதிரே நிற்பவனுக்கு வயது பன்னிரண்டு!

இத்தனை விதிகளும் எதற்காக? ஒரே காரணத்துக்காக. எவனுடைய பணப்பை கனமானது என்று பார்க்க நாம் பந்தயத்துக்குப் போவதில்லை. எவனுடைய கை நிதானமானது, எவனுடைய நெஞ்சு உறுதியானது என்று பார்க்கப் போகிறோம். மற்றவற்றையெல்லாம் சமமாக்கினால்தான் அந்த ஒன்று கண்ணுக்குத் தெரியும். ஆகவே, கருவி பற்றிய விதி என்பது எதிரிகள் இருவர் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கு. புத்தகத்தில் அச்சிட்டிருப்பது அந்த வாக்கின் நிழல்.

இந்த வாக்கை எப்படியெல்லாம் மீறலாம் என்பதற்குக் கோ-கார்ட்டின் நெருங்கிய உறவான வேறொரு பந்தயத்தில் மறக்க முடியாத ஒரு சம்பவம் நடந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து அக்ரான் நகரில் ஆண்டுதோறும் சோப் பாக்ஸ் டெர்பி என்ற பந்தயம் நடக்கிறது. எஞ்சினே இல்லாத வண்டிகள். மேட்டிலிருந்து தம் பாரத்தாலேயே உருண்டு இறங்குபவை. பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்யவேண்டும் என்பது அதன் பெருமை. 1973-ல் பதினாலு வயதுச் சிறுவன் ஒருவன் அதில் முதலாக வந்தான். ஆனால் புறப்படும் கணத்திலேயே அவன் வண்டி மற்றவற்றைவிட முந்திப் பாய்ந்தது. அது மட்டுமா? சுற்றுக்குச் சுற்று அவனுடைய வேகம் குறைந்துகொண்டே போனது. அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வண்டியின் மூக்குக்குள் ஒரு மின்காந்தம் இருந்தது! வண்டிகளைத் தடுத்து நிறுத்தியிருக்கும் எஃகுத் தகடு கீழே சாயும்போது, அந்தக் காந்தம் தகட்டை நாடி வண்டியை முன்னுக்கு இழுத்திருக்கிறது. பையன் தன் தலைக்கவசத்தைப் பின்னால் சாய்த்து ஆசனத்தில் அழுத்தினால் மின்சாரம் பாயும். பாட்டரி தீரத் தீர வேகமும் தீர்ந்தது. வெற்றி பறிக்கப்பட்டு இரண்டாவதாக வந்தவனுக்குப் போயிற்று.

அந்தப் பையனை வளர்த்துவந்த மாமா ஒரு எஞ்சினீயர். முந்திய ஆண்டு அவருடைய சொந்த மகனே அதே பந்தயத்தில் வென்றிருந்தான். காந்தத்தில் தமக்குப் பங்கு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அங்கே எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் விதியை மீறுகிறார்கள், மீறாமல் வெல்ல முடியாது என்பது அவர் சொன்ன சமாதானம்.

'எல்லாரும் செய்கிறார்கள்' என்ற இந்தச் சமாதானத்தை நாம் கேட்காத நாள் உண்டா? வரி கட்டாதவரும் சொல்கிறார். பரீட்சையில் பார்த்து எழுதுகிறவனும் சொல்கிறான். ஒரு பேச்சுக்கு அதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எல்லாரும் செய்வது உண்மையானால், அதை வெளிப்படையாகவே செய்யலாமே! வண்டியின் மூக்கைத் திறந்துவைத்து, 'இதோ என் காந்தம், உங்களுடையது எங்கே?' என்று கேட்கலாமே! கேட்கவில்லை. மறைத்துத்தான் வைத்தார். மற்றவர்கள் நேர்மையாக ஓட்டுவார்கள் என்று நம்பினால்தான் காந்தத்தால் லாபம் உண்டு. வாயால் ஒருவரையும் நம்பாதவர், காரியத்தில் எல்லாருடைய நேர்மையையும் முதலாக வைத்தே வியாபாரம் செய்திருக்கிறார்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது காந்தம்கூட அல்ல; அந்தத் தலை. சக்கரத்தைப் பிடித்து, பாதையைப் பார்த்து, காற்றைக் கிழித்துப் போக வேண்டிய ஒரு பிள்ளையினிடம், 'தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்' என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவ்வளவு சிறிய அசைவு. யார் கண்ணுக்கும் படாது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எத்தனை பேர் கை தட்டினாலும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

காந்தத்தைத் தவறு என்று சொல்ல நமக்கு அதிக யோசனை தேவையில்லை. சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. பணக்காரத் தகப்பனார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 'கடையில் விற்கிறபடியே எஞ்சினை ஓட்டவேண்டும், எதையும் அராவக்கூடாது, மாற்றக்கூடாது' என்று விதி இருக்கிறது. ஏழைப் பிள்ளையும் ஓட்டட்டும் என்று மலிவான எஞ்சினை வைத்து உண்டாக்கிய விதி அது. அந்தத் தகப்பனார் ஒன்றுக்குப் பத்து எஞ்சின்கள் வாங்குகிறார். பத்தையும் அளவு பார்க்கிறார். ஒரே அச்சில் வார்த்தாலும் இரண்டு எஞ்சின்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. நல்லதைப் பொறுக்கி எடுத்து மகனுக்குக் கொடுத்துவிட்டு மற்றவற்றை விற்றுவிடுகிறார். விதிப் புத்தகத்தில் ஒரு வரியைக்கூட அவர் மீறவில்லை. பரிசோதகர் தலைகீழாக நின்றாலும் குற்றம் காண முடியாது. ஆனால் பந்தயம் மறுபடியும் பணப்பையின் பந்தயமாகிவிட்டது. இவர் மோசக்காரரா?

இந்த இடத்தில் நான் மூன்று வகை ரகசியங்களைப் பிரித்துப் பார்க்கிறேன். எதிரிக்குக் காட்டாமல் பரிசோதகருக்குக் காட்டக்கூடிய ரகசியம் ஒன்று. அது தொழில் நுணுக்கம். சமையற்காரன் தன் கைப்பக்குவத்தைச் சொல்லாதது போல. அதில் பாவம் இல்லை. பரிசோதகருக்கும் காட்ட முடியாத ரகசியம் இரண்டாவது. அது திருட்டு. மூன்றாவது வகை விசித்திரமானது. பரிசோதகருக்குத் தாராளமாகக் காட்டலாம், அவர் தலையாட்டிவிடுவார். ஆனால் தோற்றுப்போன பையனின் தகப்பனார் வந்து, 'எப்படி ஐயா, உங்கள் வண்டி மட்டும் இப்படிப் பறக்கிறது?' என்று மரியாதையாகக் கேட்டால், 'எல்லாம் பையனுடைய திறமை' என்று பதில் சொல்லத் தோன்றும். பத்து எஞ்சின் கதையைச் சொல்ல நா எழாது. சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. சக மனிதன் முகத்துக்குக் கூச வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சம் இருக்கிற இடத்தில்தான் விளையாட்டின் தருமம் உயிரோடிருக்கிறது. அது மரத்துப்போன இடத்தில் எத்தனை விதி எழுதினாலும் போதாது.

போதாது என்பதற்கும் இந்தத் திடலிலேயே சான்று உண்டு. வண்டிகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளாமல் இருக்கவேண்டும் என்று, இடித்தால் உள்ளே அமுங்கிவிடும்படியான முகப்பை முன்புறத்தில் பொருத்த விதித்தார்கள். முகப்பு அமுங்கிய நிலையில் எல்லையைக் கடந்தால், எடுத்துக்கொண்ட நேரத்தோடு ஐந்து விநாடி கூட்டிவிடுவார்கள். நல்ல விதிதான். ஆனால் நடந்தது என்ன? முன்னால் போகிறவன் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்துப் பின்னால் வருகிறவனை இடிக்கவைக்கிறான், தண்டனை இடிபட்டவனை விட்டு இடித்தவனைச் சேர்கிறது என்று புகார்கள் எழுந்தன. 2020 அக்டோபரில் இத்தாலியில் லொனாட்டோ என்ற ஊரில் நடந்த உலகப் போட்டியில், மோதலில் வெளியேறிய வீரர் ஒருவர், கழன்று விழுந்த தம் வண்டியின் முகப்பைத் தூக்கி, ஓடிக்கொண்டிருந்த எதிரியின் வண்டிமேலேயே வீசினார்! 2021-ல் பதினைந்து ஆண்டுத் தடை விதித்தார்கள். காப்பதற்கென்று மாட்டிய பொருள் ஆயுதமாயிற்று. விதியும் அப்படித்தான். அதைக் கவசமாக ஏந்துவதும் கல்லாக எறிவதும் ஏந்துகிறவன் மனத்தைப் பொறுத்தது.

சரி, விதி மீறப்பட்டது என்று தோன்றினால் தோற்றவன் ஆட்சேப மனுக் கொடுக்கலாமா? எல்லாப் பந்தயங்களிலும் அதற்கு வழி உண்டு. கட்டணம் கட்டவேண்டும், புகார் மெய்யானால் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் மனுக் கொடுப்பவனை உலகம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. 'ஓட்டித் தோற்றவன் காகிதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறான்' என்கிறது. பெருந்தன்மை உள்ளவன் கை குலுக்கிவிட்டுப் போகவேண்டும் என்கிறது. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தருமன் கேட்ட கேள்வியைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டதும் ஒருவகைப் பெருந்தன்மைதான். அந்தப் பெருந்தன்மைக்குத் திரௌபதி விலை கொடுத்தாள். நம்முடைய நஷ்டத்தை நாம் பொறுத்துக்கொள்வது பெருமை. நாம் பேசாதிருப்பதால் நமக்குப் பின்னால் நேர்மையாக ஓட்டிவந்தவனுக்கும் சேர்த்து நஷ்டம் என்றால், அந்த மௌனத்துக்குப் பெருந்தன்மை என்று பெயரல்ல. ஒன்று மட்டும் வேண்டும். மனுக் கொடுக்கிறவன், தன் வண்டியையும் அதே மேஜையில் திறந்து வைக்கத் தயாராக இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் சில சங்கங்கள் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டன. வென்றவனுடைய எஞ்சினை, முன்கூட்டியே குறித்த விலைக்கு, உடன் ஓட்டியவன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுக்க மறுத்தால் வெற்றி செல்லாது. நம் குடும்பங்கள் சிலவற்றில் அண்ணன் பாகம் பிரித்தால் தம்பி முதலில் எடுத்துக்கொள்வான் என்று வைப்பார்களே, அதைப் போன்றது இது. பத்து எஞ்சினில் பொறுக்கி எடுத்தவர் இந்த விதிக்கு முன் சற்று யோசிப்பார். வேறு சில பெரிய போட்டிகளில் வண்டியையும் எஞ்சினையும் போட்டி நடத்துகிறவர்களே கொடுத்து, யாருக்கு எது என்று சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். இரண்டும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் ஒரு வருத்தமும் இருக்கிறது. இரவெல்லாம் விழித்துத் தன் கையாலேயே எஞ்சினைப் பக்குவம் செய்த ஏழை மெக்கானிக்கின் உழைப்பையும் அதே விலைக்குத்தான் கொடுக்கவேண்டும். மோசத்தைத் தடுக்கப் போட்ட வேலியில் திறமையும் மாட்டிக்கொள்கிறது. ஒருவரையொருவர் நம்ப முடியாத மனிதர்கள் செலுத்தும் அபராதம் அது.

நம்பிக்கை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லவேண்டும். 1964-ல் இன்ஸ்பிரக் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் இத்தாலியரான யூஜீனியோ மோன்டி எல்லாரும் எதிர்பார்த்த வீரர். எதிரிகளான ஆங்கிலேயர்கள் நாஷ், டிக்ஸன் இருவரின் வண்டியில் அச்சாணி போல்ட்டு ஒன்று முறிந்துபோயிற்று. மோன்டி தம் ஓட்டத்தை முடித்ததும் தம் வண்டியிலிருந்தே அந்தப் போல்ட்டைக் கழற்றி அனுப்பினார். ஆங்கிலேயர்கள் தங்கப் பதக்கம் வென்றார்கள். மோன்டிக்கு மூன்றாவது இடம்தான். போல்ட்டைக் கொடுத்ததால் அவர்கள் வெல்லவில்லை, வேகமாக ஓட்டியதால் வென்றார்கள் என்பதே அவர் சொன்னதன் கருத்து. விளையாட்டு வீரப் பண்புக்கான பியேர் தெ குபெர்த்தேன் பதக்கத்தை முதன்முதலில் பெற்றவர் அவரே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1968-ல், இரண்டு தங்கப் பதக்கங்களையும் அவர் வென்றார். வெல்லாமலே போயிருந்தாலும் அந்தப் போல்ட்டின் மதிப்புக் குறைந்திருக்காது.

மோன்டிக்கு அந்தப் போல்ட்டைக் கொடுக்கும்படி எந்த விதியும் சொல்லவில்லை. கொடுக்காமலிருந்தால் எந்தப் பரிசோதகரும் கேட்டிருக்க மாட்டார். எதிரியின் வண்டி ஓடாமல் நின்றதால் கிடைக்கும் வெற்றி தமக்கு வேண்டியதில்லை என்று மட்டும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. அக்ரான் நகரத்து மாமாவுக்கு எதிரியின் வண்டி முந்தாமலிருந்தால் போதும் என்று தோன்றியது. இருவருமே வண்டியின் நுணுக்கம் தெரிந்தவர்கள்தாம். இருவர் கையிலும் ஸ்பானர் இருந்தது.

பிள்ளைகளைப் பந்தயத்துக்கு அழைத்துப் போகும் தகப்பன்மார் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். கோ-கார்ட் ஓட்டாதவர்களும் ஏதோ ஒரு பந்தயத்துக்குத் தங்கள் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். பிள்ளை விதிப் புத்தகத்தைப் படிப்பதில்லை. அப்பா எஞ்சினைத் திறக்கும்போது, பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தால் அவர் கை அதை மூடுகிறதா, திறந்தே விடுகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.